தோவாளைத் தராசு

பிச்சி மூட்டை வந்து இறங்கும்வரை
கமிஷன் கடைத் தராசு
கால்மணி நேரம் சும்மா கிடக்கும்.
கணக்கெழுதுகிறவள் நான்,
அந்தக் கால்மணியில்தான் நிறுத்துப் பார்த்தேன்.

மூன்று செல், இரண்டாயிரத்து இருநூறு:
நூற்றெண்பத்தாறு கிராம்.
மூன்று செல், ஆயிரத்து முந்நூறு:
நூற்றுப் பதினொன்று.
தட்டில் ஒட்டியிருந்த அரளி இதழைத்
தட்டிவிட்டு மறுபடியும் நிறுத்தேன்.
நூற்றுப் பதினொன்றேதான்.
ஆனாலும் இதழுக்கு எடையில்லை என்று
இந்தக் கடைக்குள் யாரும் சொல்லிவிட முடியாது.

பெட்டியின் மேல் சிவப்பு எழுத்தில்
விமானத்தில் ஏற்றாதே என்றிருந்தது.
பறப்பதற்காக வாங்கியது
பன்னிரண்டு நாள் லாரியில் உருண்டு
நாகர்கோவில் வந்து சேர்ந்தது.

முப்பத்தைந்து 'சி' என்கிறது மேலே ஒட்டிய தாள்.
கல்யாணத் தரகர் சொல்லும் சம்பளம் அது,
பாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.
பாதி என்றால் இருபத்திரண்டு ஆம்பியர்.
என் மோட்டார் தின்பது பதினெட்டு.
போதும்.

போதாது என்றான் வினிஷ்.
ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்குள் ஏறி
கிரீஸ் போடுகிறவன்.
"போகும்போ காத்து சும்மா கொண்டுபோவும் எக்கா,
திரும்பி வரும்போதான் கரண்டு திங்கும்.
பெருசைப் போடு."

பெரியதைப் போட்டு
இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினேன்.
மூக்கு குப்புறக் கவிழ்ந்து
தரையைக் கும்பிட்டது.
முட்டத்து மீன்பெட்டித் தெர்மோகோலில்
நானே வெட்டிய விமானம்.
மூன்று தடவை டெட்டாலில் கழுவியும்
பூனைகளுக்கு அதன்மேல் இன்னும் நம்பிக்கை உண்டு.
அதற்கு நூற்றெண்பத்தாறு
தாங்காது.

சின்னதை மண்சட்டி மணலுக்குள் வைத்து
இரவு சார்ஜ் ஏற்றினேன்.
நெருப்புப் பிடித்தால் சட்டியோடு போகட்டும்.
ஜஸ்டஸ் எட்டிப் பார்த்துவிட்டு
இனி இதில் சாளைக்கறி வைக்காதே
என்று மட்டும் சொல்லிப் படுத்தான்.
பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட்.
நிறைந்ததும் சார்ஜர் கூவியது,
எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஆடி மாதம், ஞாயிறு, அறுத்த வயல்.
கையை விட்டதுதான் தெரியும்.
கணவாயைப் பார்த்து
காற்றே தூக்கிக்கொண்டு போனது.
அரை நிமிடத்தில் கொக்கு,
ஒரு நிமிடத்தில் கொசு.
திருப்பினேன்.

திரும்பியது, வரவில்லை.
மூக்கு என்னைப் பார்க்கிறது
இறக்கை அசையாமல் நிற்கிறது
கீழே வரப்பு மட்டும்
விரல்கடை விரல்கடையாக நகர்கிறது.
இரண்டாவது நிமிடம்.
மூன்றாவது.
வினிஷ் ஒன்றும் சொல்லவில்லை,
சொல்லியிருந்தால் பரவாயில்லை.
விசையைக் குறைத்தால் பின்னால் போகிறது,
கூட்டினால் தீர்கிறது.
கூட்டினேன்.

தாமரைக் குளத்துக்கு மேல் மோட்டார் அடங்கியது.

தாணுமாலயன் லாரி டியூபில் மிதந்து
பூப்பறித்துக்கொண்டிருந்தார்.
ஐம்பது மொட்டோடு
அதையும் மடியில் வைத்துத் துழாவி வந்தார்.
"ரெண்டு எலை கிழிஞ்சு போச்சு" என்றார்.
இறக்கையைச் சொல்கிறாரென்று நினைத்தேன்.
அவர் சொன்னது தாமரையிலை.

திங்கள் காலை பேட்டரி ஊதியிருந்தது,
இட்டலி மாதிரி, ஒரு பக்கம் மட்டும்.
துடைத்துத் தட்டில் வைத்தேன்.
நூற்றுப் பதினொன்று.
இவ்வளவு வீக்கத்துக்கும்
ஒரு கிராம்கூடக் கூடவில்லை.
உள்ளே இருந்ததுதான் வாயுவாகியிருக்கிறது,
வெளியிலிருந்து யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

"தட்டக் காலி பண்ணும்மா" என்றார் முதலாளி.
பிச்சி வந்திருந்தது.

நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன்:
மூன்று செல், ஆயிரத்து எண்ணூறு,
நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டும்,
மூக்கைக் கால் அங்குலம் வெட்ட வேண்டும்.
சாயங்காலம் பணம் கட்டினேன்.
அதுவும் தரைவழிதான், பன்னிரண்டு நாள்.
அதற்குள் ஆடி
முடிந்துவிடும்.